கேட்டவருக்கு மட்டும் கிடைக்கும் தாள்: வீட்டுக்குள் நுழைந்த போலீசார் மீதான புகார் எப்படிக் கையாளப்படுகிறது?

ஒரு சேவையை மதிப்பிட வருகிறவர், தாம் அதை எத்தனை முறை நாடினார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மலேசியாவில் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் சிற்றூரின் காவல் நிலையத்துக்கு, வீடு புகுதல் தொடர்பான புகார்களோடு, கடந்த ஒன்பது ஆண்டுகளில் மூன்று முறை சென்றிருக்கிறேன். முதல் இரண்டும் திருடர் புகுந்த வீடுகள். அவற்றில் ஒன்று என்னுடையது. மூன்றாவது, போலீசாரே புகுந்த வீடு. எங்கள் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இரண்டு வரிசை தள்ளி வசிக்கும் ஒரு மூதாட்டியின் வீடு அது. தோட்ட அலுவலகத்தில் 34 ஆண்டுகள் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், மலாய்மொழியில் மனு எழுதவும் உடன் சென்று பேசவும் என்னை அழைப்பது இங்கே வழக்கம். இந்த மதிப்பீடு மூன்றாவது புகாரைப் பற்றியது. முதல் இரண்டையும் ஒப்பிடுவதற்காக மட்டும் எடுத்துக்கொள்கிறேன். விசாரணை இன்னும் முடியாததால் ஊரின் பெயரையும் நிலையத்தின் பெயரையும் எழுதவில்லை.

நடந்தது இதுதான். சென்ற ஆண்டு ஒரு வேலை நாளின் விடியற்காலை நாலரை மணியளவில், சீருடை அணியாத ஐந்து பேர் அந்த வீட்டின் இரும்புக் கதவுப் பூட்டை வெட்டி, உள்ளே இருந்த மரக்கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வந்தனர். மகன் செம்பனை ஆலையில் இரவு வேலையில் இருந்தார். வீட்டில் மூதாட்டியும் மருமகளும் பள்ளி செல்லும் பேத்தியும் மட்டுமே இருந்தனர். வந்தவர்கள் தேடியது, அவ்வீட்டில் முன்பு வாடகைக்கு இருந்த ஓர் இளைஞனை. அவன் வெளியேறி மூன்று ஆண்டுகள் ஆகியும், அவனுடைய அடையாள அட்டையில் அந்த முகவரியே இருந்தது. தோட்டப்புறத்தில் இது மிகச் சாதாரணம். தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதியாக மாறிய பின்னும், இல்லாமல் போன தோட்டப் பிரிவின் (டிவிஷனின்) பெயரை அட்டையில் வைத்திருப்பவர்கள் பலரை எனக்குத் தெரியும். அரை மணி நேரம் தேடியவர்கள், போகும்போது மருமகளின் கைப்பேசியையும், பத்திரங்கள் வைத்திருந்த பிஸ்கட் டின்னையும் எடுத்துச் சென்றனர். தாள் எதுவும் தரப்படவில்லை. ஆறு நாட்கள் கழித்து இரண்டும் திரும்பி வந்தன. டின்னில் இருந்ததாகக் குடும்பத்தார் சொல்லும் பேத்தியின் பிறப்புப் பத்திரம் மட்டும் வரவில்லை. நம் சமூகத்தில் பிறப்புப் பத்திரம் இல்லாமல் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பதிவிலாகாவுக்கும் அலைந்த குடும்பங்கள் எத்தனை என்பதை அறிந்தவர்களுக்கு, அந்தப் பாட்டி ஏன் பூட்டைப் பற்றிப் பேசாமல் அந்த ஒரு தாளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார் என்பது விளங்கும்.

புகார் முகப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் இந்தச் சேவையின் நன்மையும் தீமையும் பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடுகின்றன. நாங்கள் காலை எட்டு மணிக்குச் சென்றோம். முகப்பில் இருந்த இளம் காவலர் பொறுமையாகக் கேட்டார், நாற்காலி கொடுத்தார், அதைக் குறிப்பிடாமல் விடுவது நியாயமில்லை. ஆனால் பின்னால் இருந்த மூத்தவர், அது போதைப்பொருள் பிரிவின் சோதனை நடவடிக்கை, வந்தவர்கள் வேறு நிலையத்தைச் சேர்ந்தவர்கள், ஆகவே புகார் செய்வதென்றால் அங்கே போங்கள் என்றார். பெரும்பாலோர் இந்த இடத்தில் எழுந்து வந்துவிடுவார்கள். அவர்கள் அறிந்திருக்க வேண்டியது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு. மலேசியாவில் எங்கே நடந்த குற்றமானாலும் அதைப் பற்றிய தகவலைப் பெற்றுக்கொள்வது எந்தப் போலீஸ் அதிகாரிக்கும் கடமை என்று அதன் மூன்றாம் உட்பிரிவு தெளிவாகவே சொல்கிறது. பிரிவின் எண்ணை நான் தாழ்ந்த குரலில்தான் சொன்னேன். மூத்தவர் மறுக்கவில்லை, உடனே பதிவு தொடங்கியது. விதி அவருக்கும் தெரிந்துதான் இருந்தது; நாங்கள் சொல்லும் வரை அது நடைமுறைக்கு வரவில்லை.

அடுத்தது சொற்களின் சிக்கல். மூதாட்டி என்னிடம் தமிழில் சொன்னது இது: "கூப்பிட்டது கேட்டுச்சுங்க ஐயா. நான் எந்திரிச்சு வர்றதுக்குள்ள பூட்டு விழுந்துருச்சு." கணினியில் முதலில் பதிவானது, போலீசார் வீட்டுக்குள் நுழைந்து சோதனை செய்தனர் என்ற ஒரு வரி. மலாயில் 'மாசோக்' என்றால் நுழைதல். 'பெச்சா மாசோக்' என்றால் உடைத்து நுழைதல். இரண்டாவது சொல் குற்றவாளிகளுக்கு உரியது, அதைப் போலீசாருக்கு எழுத முடியாது என்று காவலர் தயங்கினார். தயக்கம் புரிந்துகொள்ளக் கூடியதுதான் என்றாலும், அந்தச் சொல்லை விட்டுக்கொடுக்க என்னால் முடியவில்லை. அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு, கைது செய்யப்பட வேண்டியவர் ஒரு வீட்டுக்குள் இருப்பதாக நம்பக் காரணம் இருந்தால் வீட்டிலுள்ளவர் போலீசாரை உள்ளே விட வேண்டும் என்கிறது. உள்ளே விடப்படாத நிலையில், உரிய சூழலில், கதவை உடைக்கவும் அனுமதிக்கிறது. ஆனால் அதற்கு முன், தாம் யார், எதற்காக வந்திருக்கிறோம் என்பதை அறிவித்து, கதவைத் திறக்கும்படி முறையாகக் கேட்டிருக்க வேண்டும்; அதற்குப் பிறகும் வழி கிடைக்காவிட்டால்தான் உடைக்கலாம். ஆகவே இந்தப் புகாரின் உயிர், குரலுக்கும் பூட்டு விழுந்ததற்கும் இடையே இருந்த அந்தச் சில நொடிகளில்தான் இருக்கிறது. 'நுழைந்தனர்' என்ற ஒற்றைச் சொல் அந்த நொடிகளை அழித்துவிடும்.

வாய்மொழியாகத் தரும் தகவலை எழுதி முடித்ததும் அதைத் தகவல் தந்தவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பதும் 107-ஆம் பிரிவில் உள்ளதே. நான் வாசித்துக் காட்டும்படி கேட்டேன், ஒவ்வொரு வரியையும் மூதாட்டிக்குத் தமிழில் சொன்னேன், அவர் திருத்தினார். படிவத்தில் மொழிபெயர்ப்பாளர் விவரத்துக்கு இடம் இருக்கிறது. அங்கே என் பெயர் பதிந்தது. கூடுதலாக நாற்பது நிமிடங்கள் ஆயின. கடைசியில், 'பூட்டு வெட்டப்பட்டது. அழைத்த குரலுக்குப் பின் கதவருகே வர அவகாசம் தரப்படவில்லை' என்ற வாசகம் அறிக்கையில் ஏறியது. நான் உடன் இல்லாதிருந்தால் முதலில் எழுதிய அந்த ஒரு வரி அறிக்கையில் மூதாட்டி கைநாட்டு வைத்துவிட்டு வந்திருப்பார். பின்னர் யார் எவ்வளவு நேர்மையாக விசாரித்தாலும், அவர் சொல்லாத கதையையே விசாரித்திருப்பார்கள்.

இதே முகப்பில் என் வீட்டுத் திருட்டுக்கு நடந்தது வேறு. இரவில் சமையலறை ஜன்னல் கம்பியை வளைத்து உள்ளே வந்தவன் தொலைக்காட்சியையும் மனைவியின் சங்கிலியையும் கொண்டு போனான். அரை மணி நேரத்தில் புகார் பதிவாகி, அன்று மதியமே விசாரணை அதிகாரி வீட்டுக்கு வந்தார். ரேகை எடுக்க ஆட்கள் வந்தனர். திருட்டு நோக்கத்தோடு இரவில் வீடு உடைத்துப் புகுவதற்கு, தண்டனைச் சட்டத்தின் 457-ஆம் பிரிவில் 14 ஆண்டுகள் வரை சிறை உண்டு. அவர்கள் அதை அந்தக் கனத்தோடுதான் எடுத்துக்கொண்டார்கள். பொருள் கிடைக்கவில்லை, அதற்காக நான் குறை சொல்லவில்லை. நாங்கள் நம்பப்பட்டோம் என்ற உணர்வோடு திரும்பினோம். அதே நிலையத்தில், அதே நாற்காலியில், புகுந்தவர் யார் என்பது மட்டும் மாறியபோது, முதல் கேள்வியே 'உங்கள் வீட்டில் யாராவது அந்த வேலையில் ஈடுபட்டவரா' என்பதாக இருந்தது. பாட்டி பதில் சொல்லவில்லை. பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

இனி, தாள் பற்றி. இந்த மதிப்பீட்டை எழுதத் தூண்டியதே இதுதான்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவின்படி, சோதனையில் கைப்பற்றப்படும் பொருள்கள் யாவற்றுக்கும், அவை எங்கே இருந்தன என்ற குறிப்போடு, சோதனை நடத்திய அதிகாரி பட்டியல் எழுதிக் கையொப்பமிட வேண்டும். 65-ஆம் பிரிவின்படி, அவ்வீட்டில் குடியிருப்பவரோ அவர் சார்பில் ஒருவரோ சோதனை நடக்கும்போது உடன் இருக்க எப்போதும் அனுமதிக்கப்பட வேண்டும். அந்தப் பட்டியலின் நகலும் அவருக்குத் தரப்பட வேண்டும், ஆனால் அவர் கேட்டால். அந்தக் 'கேட்டால்' என்ற சொல்லை நான் பல முறை படித்துப் பார்த்துவிட்டேன். விடியற்காலை நாலரை மணிக்கு, பூட்டு வெட்டப்பட்ட வீட்டில், இரவு உடையோடு நிற்கும் இரண்டு பெண்களும் ஒரு சிறுமியும், ஐந்து ஆண்களைப் பார்த்து, பட்டியலின் நகலைத் தாருங்கள் என்று கேட்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. கேட்கவில்லை என்பதற்காக அவர்கள் உரிமை இழக்கவில்லை. ஆனால் கேட்காததால் இன்று டின்னில் என்ன இருந்தது என்பதற்கு அவர்களிடம் சான்று எதுவும் இல்லை. அந்த நகல் ஒன்று கையில் இருந்திருந்தால், பிறப்புப் பத்திரம் டின்னில் இருந்ததா இல்லையா என்ற கேள்வி இரண்டு நிமிடங்களில் தீர்ந்திருக்கும். போலீசாருக்கும் அது பாதுகாப்பாக அமைந்திருக்கும். எடுக்காததை எடுத்ததாக அவர்கள் மீது யாரும் பழி சொல்ல முடியாது.

அந்தப் பிரிவில் என்னைத் தொட்ட இன்னொரு சொல்லும் உண்டு. சட்டம் 'உரிமையாளர்' என்று சொல்லவில்லை, 'குடியிருப்பவர்' என்கிறது. லயத்து வீடுகளில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்த எங்களுக்கு இதன் பொருள் பெரிது. லயம் கம்பெனிக்குச் சொந்தமானது. கதவுக்குச் சுண்ணாம்பு அடிப்பதா வேண்டாமா என்பதைக் கூட அலுவலகம்தான் முடிவு செய்யும். துரையோ (நிர்வாகியோ) மண்டோரோ (மேற்பார்வையாளரோ) எப்போது வேண்டுமானாலும் வாசலில் வந்து நிற்கலாம், உள்ளேயும் பார்க்கலாம். நானே அலுவலகத்தில் இருந்த காலத்தில், சோதனைக்கு வந்த வண்டிக்கு வேலிக் கதவைத் திறந்துவிடச் சொல்லி ஜாகாவுக்கு (காவலாளிக்கு) சீட்டு எழுதியிருக்கிறேன். எந்த லயம், எத்தனையாம் கதவு என்பதையும் எழுதியிருக்கிறேன். அந்த வீட்டுக்காரருக்கு ஒரு சொல் சொல்ல வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. அதை இப்போது வருத்தத்தோடு எழுதுகிறேன். தொழிலாளர் குடியிருப்புகளுக்கான குறைந்தபட்ச தரங்களை வகுக்கும் 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம், கூரை, தண்ணீர், கழிப்பறை ஆகியவற்றைப் பற்றித் தோட்ட நிர்வாகங்களைப் பேச வைத்தது. கதவைப் பற்றிய பேச்சு எங்களிடையே எழவே இல்லை. வீடு நம்முடையதில்லை என்றால் வாசற்படியும் நம்முடையதில்லை என்ற எண்ணம், தாமானில் சொந்த வீடு வாங்கிய பிறகும் பலர் மனத்தில் அப்படியே இருக்கிறது. ஆனால் வாடகை வீட்டிலோ லயத்திலோ கம்பெனி கொடுத்த அறையிலோ குடியிருப்பவருக்கும், உடன் நிற்கவும் நகல் கேட்கவும் உரிமை உண்டு.

வந்த போலீசாரிடம் அவர்களுடைய அடையாள அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பதும் அப்படித்தான். மலேசிய வழக்கறிஞர் மன்றம் வெளியிட்ட 'ரெட் புக்' என்ற சிறு கையேடு தமிழிலும் உண்டு; போலீஸ் அதிகார அட்டையின் நிறங்களை அது எளிமையாக விளக்குகிறது. இன்ஸ்பெக்டர் பதவிக்கும் அதற்கு மேலும் நீலம், அதற்குக் கீழே மஞ்சள், சேமப்படையினருக்கு வெள்ளை, பணி இடைநீக்கம் செய்யப்பட்டவருக்குச் சிவப்பு, அவருக்கு அதிகாரம் எதுவும் இல்லை. நிறம் ஏன் முக்கியம் என்று கேட்பவர்களுக்கு ஒரு விடை இந்த வழக்கிலேயே இருக்கிறது. 1952-ஆம் ஆண்டின் அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் கீழ், நீதிமன்ற ஆணை பெறும் தாமதத்தில் தடயம் அழிந்துவிடும் என்ற நிலையில், ஆணை இல்லாமலே வீட்டுக்குள் நுழையும் அதிகாரம் இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத போலீஸ் அதிகாரிக்கே தரப்பட்டிருக்கிறது. அன்று வந்த ஐவரில் நீல அட்டை வைத்திருந்தவர் ஒருவராவது இருந்தாரா என்பதை அந்த வீட்டார் பார்க்கவில்லை. பார்க்கலாம் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

இந்தச் சேவையில் நான் மனமாரப் பாராட்டுவது ஒன்று உண்டு. புகார் செய்தவர், நான்கு வாரங்கள் கழிந்த பின், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கேட்கலாம். கைது ஆணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றமாக இருந்தால், நிலையத்தின் பொறுப்பதிகாரி இரண்டு வாரங்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அரசுத் தரப்புத் தலைமை வழக்குரைஞரிடம் முறையிடலாம். அவர் மாவட்ட போலீஸ் தலைவருக்கு உத்தரவிடுவார். 107அ என்ற இந்தப் பிரிவு 2006-ஆம் ஆண்டின் திருத்தத்தால் வந்தது. நாங்கள் ஐந்தாவது வாரத்தில் ஒரு பக்கக் கடிதம் கொடுத்தோம். இரண்டாவது நகலில் முத்திரை வாங்கிக்கொண்டோம். பதின்மூன்றாம் நாள் பதில் வந்தது. நான்கு வரிகள்தான் என்றாலும், விசாரணை அதிகாரியின் பெயரும் கோப்பு எண்ணும் அதில் இருந்தன. அரசாங்கத்திடமிருந்து தன் பெயருக்கு வந்த கடிதத்தை அந்தப் பாட்டி உறையோடு சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். என் வீட்டுத் திருட்டுக்கு இப்படிக் கேட்கலாம் என்று அன்று எனக்குத் தெரிந்திருந்தால் நானும் கேட்டிருப்பேன். முகப்பில் இதைப் பற்றிய அறிவிப்பு எந்த மொழியிலும் இல்லை. இதுவும் கேட்டவருக்கு மட்டும் கிடைப்பதே.

உள்விசாரணைக்கு வருகிறேன். புகார், நடத்தை தொடர்பானது என்பதால், மேலிடத்தில் உள்ள நன்னடத்தைப் பிரிவு ஒன்றுக்கு மாற்றப்பட்டது. மூன்றாவது மாதத்தில் வாக்குமூலம் எடுக்க அழைத்தார்கள். அதிகாரி மரியாதையாக நடந்துகொண்டார்; தேநீர் வரவழைத்தார். ஆனால் அவர் கேட்ட இருபதுக்கு மேற்பட்ட கேள்விகளில், பழைய வாடகைக்காரனைப் பற்றியும் மகனின் நண்பர்களைப் பற்றியும் இருந்தவையே அதிகம். பூட்டைப் பற்றி இரண்டு. பட்டியலைப் பற்றி ஒன்றும் இல்லை. அக்கம்பக்கத்தில் விழித்தெழுந்து பார்த்த மூன்று வீட்டார் பெயரைத் தந்தோம். இதை எழுதும் நாள் வரை அவர்களில் எவரையும் யாரும் அழைக்கவில்லை. வெட்டப்பட்ட பூட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துச் சென்றோம். அதைப் பார்த்துவிட்டு எங்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். ஐந்தாவது மாத முடிவில், நடவடிக்கை விதிமுறைக்கு உட்பட்டதாகக் காணப்பட்டது என்ற பொருளில் ஒரு கடிதம் வந்தது. எந்த விதி, யாரை விசாரித்தார்கள், பிறப்புப் பத்திரம் என்ன ஆயிற்று என்ற எதற்கும் அதில் விடை இல்லை. திறமைக் குறைவு என்று இதைச் சொல்ல மாட்டேன். ஒரே படையைச் சேர்ந்தவர், ஒரே படையைச் சேர்ந்தவரை விசாரிக்கும்போது, எதைக் கேட்பது என்பதைவிட எதைக் கேட்காமல் விடுவது என்பதில்தான் சார்பு வெளிப்படுகிறது.

இந்தக் குறையை நாடு அறியாமல் இல்லை. முன்னாள் தலைமை நீதிபதி முகமட் சைடின் தலைமையிலான அரச ஆணையம் 2005-ஆம் ஆண்டில் 125 பரிந்துரைகளை முன்வைத்தபோதே, போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கத் தனித்து இயங்கும் ஐபிசிஎம்சி ஆணையம் வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதற்குப் பதிலாக, பல அமலாக்க நிறுவனங்களையும் ஒருங்கே கவனிக்கும் நேர்மை ஆணையம் 2009-ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்து 2011-இல் இயங்கத் தொடங்கியது. போலீசுக்கென்றே தனியாக, சுயேச்சை போலீஸ் நடத்தை ஆணையத்துக்கான மசோதா 2022 ஜூலையில் மக்களவையில் நிறைவேறி, 2023 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தது. பரிந்துரைக்கும் நடப்புக்கும் இடையே 18 ஆண்டுகள். அதற்குள் நம் சமூகத்தில் போலீஸ் புகார் என்றாலே காவலில் நேர்ந்த மரணங்களே பேச்சாயின, 2009-இல் அ.குகன், 2013-இல் ந.தர்மேந்திரன் என்ற பெயர்களை மறக்க முடியாது, மறக்கவும் கூடாது. உயிர் போன வழக்குகளுக்கு முன்னால் பூட்டு உடைந்த வழக்கு சிறியதாகத் தெரிவதும் இயல்பு. ஆனால் அவற்றைவிடப் பல மடங்கு அதிகமான குடும்பங்கள் போலீசைச் சந்திப்பது தங்கள் வீட்டு வாசலில்தான்.

புதிய ஆணையத்திடம் எங்கள் புகாரை அனுப்பியிருக்கிறோம். பெற்றுக்கொண்டதாகத் தகவல் வந்தது. முடிவு வராத நிலையில் அதன் வேலையை மதிப்பிடுவது முறையாகாது. ஆனால் அதன் சட்டத்தைப் பற்றிப் பேசலாம், ஏனெனில் அது அச்சில் இருப்பது. இரண்டு இடங்கள் எனக்கு உறுத்துகின்றன. முதலாவது, தவறு கண்டாலும் ஆணையம் தானே ஒழுங்கு நடவடிக்கை எடுக்க முடியாது. தன் முடிவைப் போலீஸ் படை ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். கூட்டரசு அரசியலமைப்பின் 140-ஆம் பிரிவின் கீழ் இயங்கும் அந்த அமைப்பின் தலைவர் போலீசுக்குப் பொறுப்பான அமைச்சர். தேசிய போலீஸ் படைத் தலைவரும் அதில் ஓர் உறுப்பினர். இரண்டாவது, 1967-ஆம் ஆண்டின் போலீஸ் சட்டத்தின் 96, 97-ஆம் பிரிவுகளின் கீழ் படைத் தலைவர் பிறப்பிக்கும் நிலையாணைகளுக்குள் (படையின் உள் உத்தரவுகளுக்குள்) வரும் செயல்கள், ஆணையம் விசாரிக்கக் கூடிய தவறான நடத்தைகளிலிருந்து விலக்கப்பட்டுள்ளன. அந்த நிலையாணைகள் பொதுமக்கள் வாங்கிப் படிக்கும் ஏடாகக் கிடைப்பதில்லை. ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைவது, எப்படித் தேடுவது என்பது அன்றாடப் போலீஸ் நடைமுறையின் நடுநாயகமான பகுதி. அது அந்த விலக்குக்குள் அடங்கும் என்று யாரேனும் வாதாடினால், மூதாட்டி எதை வைத்து மறுப்பார்? தன் வீட்டுக்குப் பொருந்தும் விதி என்ன என்பதையே அவர் படிக்க முடியாதே.

சுஹாகாம் எனப்படும் மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதலாம். 1999-ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த அது, விசாரித்துப் பரிந்துரை செய்யும். விவகாரம் நீதிமன்றத்துக்குப் போய்விட்டால் அதன் விசாரணை நின்றுவிடும். வழக்குத் தொடர எண்ணுபவர்கள், அரசாங்க அதிகாரிகள் மீதான வழக்குக்கு 36 மாத வரம்பு உண்டு என்பதை நினைவில் வைக்க வேண்டும். உள்விசாரணைக் கடிதத்துக்காகக் காத்திருந்தே அந்த மாதங்களைக் கழித்துவிடக் கூடாது.

இங்கிலாந்தில் வீட்டுச் சோதனைக்கு வரும் போலீசார், எந்த அதிகாரத்தின் கீழ் தேடுகிறார்கள், வீட்டாருக்கு என்ன உரிமை, இழப்பீட்டை எங்கே கேட்பது என்பவற்றை விளக்கும் அறிவிப்பு ஒன்றைக் குடியிருப்பவரிடம் தர வேண்டும். வீட்டில் யாரும் இல்லாவிட்டாலும் அதை அங்கே வைத்துவிட்டு வர வேண்டும் என்று, 1984-ஆம் ஆண்டின் சட்டத்தை ஒட்டிய நடத்தை விதிகள் சொல்கின்றன. அந்த ஊர்ப் போலீசைப் பற்றியும் குறைகள் உண்டு; நான் அந்நாட்டைப் புகழ வரவில்லை. ஆனால் அங்கே தாள் கேட்காமலே வருகிறது என்ற இந்த ஒரு வேறுபாடு, நம் பாட்டியின் வழக்கைத் தலைகீழாக மாற்றியிருக்கும். இதற்குப் புதிய ஆணையமோ புதிய கட்டடமோ தேவையில்லை. 65-ஆம் பிரிவில் இருக்கும் 'கேட்டால்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, பட்டியல் நகலோடு, தேடியவரின் பெயரும் எண்ணும் அதிகாரமும் எழுதிய ஓர் அரைத் தாளை மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் விட்டுச் சென்றால் போதும்.

இந்தச் சேவையை நாடலாமா என்று கேட்டால், நாடுங்கள் என்றே சொல்வேன். புகார் செய்யாமல் இருந்துவிட்டால் அந்த இரவு எந்த ஏட்டிலும் இல்லாமல் போய்விடும். தனியே போகாமல், மலாய் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். வாசித்துக் காட்டும் வரை கையொப்பம் இடாதீர்கள். வெட்டிய பூட்டை எறிந்துவிடாதீர்கள். திறந்த நிலையில் கதவைப் படம் எடுத்துவிட்டு, பிறகு கொல்லரை அழையுங்கள். ஐந்தாவது வாரத்தில் நிலைக் கடிதம் கேளுங்கள். முகப்பில் இருக்கும் இளம் காவலர்கள் பெரும்பாலும் நல்ல பிள்ளைகள். அவர்களிடம் குரலை உயர்த்தத் தேவையில்லை, பிரிவின் எண்ணைச் சொன்னால் போதும். பதிவுப் பணிக்கும் நிலைக் கடிதத்துக்கும் நான் நல்ல மதிப்பெண் தருவேன். உள்விசாரணைக்குத் தர என்னிடம் எதுவும் இல்லை.

பேத்திக்குப் பிறப்புப் பதிவின் சான்று நகல் பதிவிலாகாவில் கிடைத்துவிட்டது. பள்ளியில் அதை ஏற்றுக்கொண்டார்கள். காணாமற்போன மூலப் பத்திரத்தைப் பற்றி இரண்டாவது நிலைக் கடிதம் கேட்டு, சென்ற திங்கட்கிழமை முத்திரை வாங்கி வந்தோம். பதிலும், ஆணையத்தின் முடிவும் வந்ததும் இந்த மதிப்பீட்டில் சேர்ப்பேன்.